டிமுர்: நேபாள மலையின் பம்பளிமாஸ் மணக்கும் மிளகை வாங்கி, சுத்தம் செய்து, வறுத்து, சமைப்பது எப்படி?

டிமுர் கையில் கிடைத்ததும் ஒரே ஒரு காயின் காய்ந்த தோலை எடுத்து முன்பற்களால் லேசாகக் கடித்து, நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். முதலில் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியதுபோல ஒரு மணம் மூக்குக்கு ஏறும். கொஞ்சம் கசக்கும். அப்புறம் நாக்கு நுனி விறுவிறுக்கத் தொடங்கும். எச்சில் ஊறும், உதடு மரத்துப்போனது போல இருக்கும். பயப்பட வேண்டாம். கால் மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இந்த மூன்றும், அதாவது மணமும் கசப்பும் விறுவிறுப்பும், எந்த அளவில் வருகின்றன என்று நாக்குக்குத் தெரிந்த பிறகு சமையலில் கை தவறாது.

மிளகு என்று சொல்கிறோமே தவிர இது மிளகுக் கொடியின் உறவே இல்லை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பத்து முள்செடி. தாவரப் பெயர் சாந்தோக்சைலம் அர்மாட்டம். இலைக்காம்பில்கூட முள் இருக்கும். பம்பளிமாஸ் மணம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். அந்த மணத்தில் ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமொனீனும் கொத்தமல்லி விதையில் இருக்கும் லினலூலும் உண்டு. விறுவிறுப்புக்குக் காரணம் சான்ஷூல் என்ற வேறொரு பொருள். அது காரம் இல்லை. தொடுவுணர்வைக் கடத்தும் நரம்பையே அது தூண்டிவிடுகிறது. இதன் நெருங்கிய உறவான சீனத்து சிச்சுவான் மிளகை உதட்டில் தடவி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013இல் சோதித்தார்கள். நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிரும் ஒன்றை உதட்டில் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி உணர்ந்ததாகத் தெரிந்தது. டிமுரிலும் அதே சான்ஷூல்தான்.

எலுமிச்சைக் குடும்பம் என்பதால் இந்த வகைக்கு ஒரு சோதனையும் வந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் சொறிநோய்க் கிருமி இதன் வழியாகப் பரவிவிடும் என்று அஞ்சி, 1968இலிருந்து 2005 வரை சிச்சுவான் மிளகை அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை இருந்தது. சூடுபடுத்திய சரக்கு என்றால் வரலாம் என்ற நிபந்தனையோடுதான் அந்தத் தடை விலகியது.

எங்கிருந்து வருகிறது

நேபாளத்தின் நடுமலைப் பகுதி, ஏறத்தாழ 1,000 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் உயரம் வரைக்கும் இதன் இடம். மேற்கே சல்யான், ரோல்பா, பியூட்டான், ஜாஜர்கோட் மாவட்டங்களின் டிமுருக்கு நல்ல பெயர் உண்டு. காட்டோரத்திலும் வயல் வரப்பிலும் தானாக முளைக்கும். சிலர் வேலிக்கென்றே நடுவார்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் காய். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் காய் பழுத்துத் தோல் சிவந்து, வெயிலில் காய்ந்ததும் இரண்டாக வெடித்து, உள்ளே இருக்கும் கருப்பு விதையை வெளியே காட்டும். இரண்டு பக்கமும் முள் நிற்கும் கிளைகளில் கொத்துக் கொத்தாகக் கையால் பறிக்க வேண்டும். விரலெல்லாம் கீறாமல் ஒரு கூடை நிறையாது. பறித்துக் காயவைத்த சரக்கு நேபாள்கஞ்ச் போன்ற எல்லைச் சந்தைகள் வழியாக இந்தியாவுக்குள் வருகிறது. நம் உத்தராகண்ட் மலையிலும் இதே செடி உண்டு. அங்கே திம்ரு என்பார்கள். அதன் குச்சியை ஒடித்துப் பல் துலக்குவார்கள்.

விலை கிடைக்கிறதே என்று பழுக்குமுன் பறித்துவிடும் பழக்கமும், பறிக்கச் சோம்பல்பட்டுக் கிளையோடு வெட்டிவிடும் பழக்கமும் சில இடங்களில் இருக்கின்றன. பச்சையாகப் பறித்த காய் சரியாக வெடிக்காது, மணமும் ஏறாது. வெட்டப்பட்ட கிளை அடுத்த வருடம் காய்க்காது. அதனால்தான் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். வெடித்த, பழுத்த சரக்கைக் கேட்டு வாங்குபவர்கள் கூடக்கூட, பொறுத்திருந்து பறிப்பவருக்கும் விலை கிடைக்கும்.

வாங்கும்போது

சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் நேபாளத்துக்காரர்கள் நடத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆன்லைனில் திமுட், டிம்மூர், நேபாளி மிளகு என்று பல பெயர்களில் கிடைக்கும். பெயரை விடச் சரக்கைப் பாருங்கள். நல்ல டிமுர் கரும்பழுப்பாக, சில சமயம் ஏறக்குறைய கருப்பாகவே இருக்கும். தோல்கள் வாய் திறந்து, பெரும்பாலும் விதை உதிர்ந்து கிடக்கும். பையைத் திறந்த உடனே பழத்தோல் மணம் வர வேண்டும். வைக்கோல் மணமோ தூசி மணமோ வந்தால் அது போன வருடத்துக்கும் முந்தியது. மூடிய உருண்டைகள் நிறைய இருந்தால் முன்கூட்டிப் பறித்தது. பொடியாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பொடித்த டிமுரில் மணம் சில வாரங்களில் போய்விடும். விதையைச் சேர்த்து அரைத்திருக்கிறார்களா என்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே மாதிரி தெரிகிற வேறு சரக்குகள் மூன்று. சிச்சுவான் மிளகு சிவந்த நிறம். அதுவும் விறுவிறுக்கும், ஆனால் இந்தப் பம்பளிமாஸ் மணம் அதில் இல்லை. கொங்கணக் கரையின் தெப்பல், திர்பல் என்றும் சொல்வார்கள், டிமுரின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் காய்தான். கோவாவிலும் மங்களூரு பக்கத்திலும் அயிலை மீன் குழம்பில் போடுவது அது. உருவில் டிமுரைவிடப் பெரியது, மணம் வேறு. மூன்றாவதுதான் அதிகம் குழப்புவது: சில்டிமுர். பெயரில் டிமுர் இருக்கிறது, எலுமிச்சைப்புல் போல மணக்கிறது, நேபாளத்தில் ஊறுகாய்க்கும் போடுகிறார்கள். ஆனால் அது பட்டை, பிரிஞ்சி இலை குடும்பத்துச் செடி. காய் வெடிக்காமல் சின்னக் கருமணியாக இருக்கும், முழுசாகவே அரைப்பார்கள். அதுவும் அருமையான பொருள்தான். கீழே சொல்லும் அளவுகள் மட்டும் அதற்குப் பொருந்தாது.

நம் பக்கத்துக் காடுகளிலும் டிமுரின் எலுமிச்சைக் குடும்பத்தில் ஒன்று உண்டு. சித்த மருத்துவத்தில் சொல்லும் மிளகரணை. முள்கொடி, காயைக் கசக்கினால் ஆரஞ்சுத் தோல் வாசம், வாயில் போட்டால் உறைப்பு. டிமுரை முதல்முறை முகர்ந்தபோது எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சுத்தம் செய்தல்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

மணமும் விறுவிறுப்பும் தோலில்தான் இருக்கின்றன. பளபளக்கும் கருப்பு விதையில் நமக்கு வேண்டியது எதுவும் இல்லை. அதை அரைத்தால் மணலாகப் பல்லில் நறநறக்கும். முதல்முறை நான் விதையோடு அரைத்துத் துவையல் செய்து, ஆசையாகச் செய்ததைச் சாப்பிட முடியாமல் கொட்ட நேர்ந்தது. அதிலிருந்து இந்த வேலைக்கு மட்டும் அவசரப்படுவதில்லை.

50 கிராம் டிமுரை அகலமான தட்டில் கொட்டுங்கள். மூடியிருக்கும் காய்களை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்லத் தேய்த்தால் வெடித்து விதை உதிரும். முள் கலந்திருக்கும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பிறகு தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து லேசாகத் தட்டுங்கள். விதை உருண்டை என்பதால் உருண்டு கீழே வந்துவிடும், தோல் பிடித்து நிற்கும். முறம் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் புடைக்காதீர்கள், தோல் பறந்துவிடும். சாய்த்துத் தட்டுவதே போதும். கடைசியாக, வெளிச்சத்தில் உட்கார்ந்து காம்பையும் முள்ளையும் கையால் பொறுக்குங்கள். முள் மிக முக்கியம். மிக்ஸியிலும் முழுதாக அரைபடாத முள் தொண்டையில் குத்தும். 50 கிராமுக்கு இருபது நிமிடம் ஆகும். ஒன்றிரண்டு விதை தங்கிவிட்டால் பரவாயில்லை.

கழுவ வேண்டாம். கழுவினால் மணமும் போகும், பூஞ்சையும் பிடிக்கும். சுத்தம் செய்த தோலை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, அடுப்புச் சூடும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் டப்பா மணக்கும், டிமுர் மணக்காது.

வறுப்பதும் அரைப்பதும்

கனமான இரும்புச் சட்டி, மிகச் சிறிய தீ. சட்டி இளஞ்சூடு ஆனதும் ஒரு தேக்கரண்டித் தோலைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. புகை வரக் கூடாது, நிறம் மாறக் கூடாது. மணம் சட்டென்று உயரும் ஒரு கணம் உண்டு, அந்தக் கணத்தில் தட்டில் கொட்டிவிட வேண்டும். இரும்புச் சட்டியிலேயே விட்டால் இருக்கும் சூட்டில் கருகிவிடும். கருகிய டிமுரில் பழ மணம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். சரக்கு புதிது, அறுவடை முடிந்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் வறுக்கவே வேண்டாம். பச்சையாக அரைத்தால் பம்பளிமாஸ் மணம் இன்னும் கூர்மையாக இருக்கும்.

நேபாளத்து வீடுகளில் இதை அரைப்பது சிலௌட்டோவில். பெயர்தான் வேறு, நம் அம்மியேதான். குழவிக்கு லோஹரோ என்று பெயர். அம்மி வைத்திருப்பவர்கள் தூசி தட்டி எடுங்கள். கல்லில் நசுங்கும்போது தோலின் எண்ணெய் மெல்ல வெளிவந்து உப்பிலும் மிளகாயிலும் ஏறிக்கொள்ளும். சின்ன இடிகல்லும் நல்லதே. மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் போட்டு விட்டு விட்டு நான்கைந்து சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகி மணம் மூடியில் ஒட்டிக்கொண்டு போய்விடும். அரைத்ததை டீ வடிகட்டியில் சலித்தால் உள்பக்கத்துச் சவ்வு தங்கும், அதைத் தள்ளிவிடுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

அளவு: நான்கு பேர் சாப்பிடும் ஒரு பதார்த்தத்துக்கு அரைத்த டிமுர் கால் தேக்கரண்டி. பழகிய பிறகு அரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் போட்டால் நாக்கு மரத்து, மற்ற எந்த ருசியும் தெரியாமல் போகும். விறுவிறுப்பு அரை நிமிடம் கழித்துத்தான் வரும் என்பதால், ருசி பார்த்தவுடன் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று கை போகும். பொறுங்கள்.

எப்போது போடுவது? கொதிக்கும் குழம்பில் நெடுநேரம் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பும் விறுவிறுப்பும் மட்டும் தங்கும். ஆகவே இறக்கிய பிறகு, அல்லது தீயே படாத பண்டத்தில். நேபாளத்தில் டிமுர் அதிகம் போவது அச்சாரில் என்பதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே அச்சார் என்றால் ஊறுகாய் மட்டுமில்லை, நம் துவையலும் பச்சடியும் சேர்ந்ததுதான்.

டிமுர் கோ ச்சோப்

முதலில் செய்ய வேண்டியது இந்தப் பொடி. டிமுர் தோல் ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பத்து, கல் உப்பு இரண்டு தேக்கரண்டி. மிளகாயைத் தனியாக மொறுமொறுவென்று வறுத்து ஆறவிடுங்கள். டிமுரைத் தனியாக, மேலே சொன்னபடி. இரண்டையும் ஒன்றாக வறுத்தால் மிளகாய் வறுபடுமுன் டிமுர் கருகிவிடும். முதலில் மிளகாயையும் உப்பையும் பொடித்து, கடைசியில் டிமுரைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அவ்வளவுதான். உப்பும் மிளகாயும் சேர்ந்திருப்பதால் தனி டிமுர்ப் பொடியைவிடக் கொஞ்ச நாள் தாங்கும். இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது.

நேபாளத்தின் முஸ்தாங் பக்கத்துத் தகாலி மக்கள் மரக்கோதுமை (பக்வீட்) மாவைக் கிளறி, ஆறவைத்து, விரல் விரலாக நறுக்கிப் பொரிப்பார்கள். கஞ்செம்பா என்று பெயர். அதைத் தொட்டுக்கொள்ள இந்தப் பொடிதான். டிண்டோ என்ற களிக்கும், அவித்த உருளைக்கும், சுட்ட மக்காச்சோளத்துக்கும், சுகுட்டி என்ற உப்புக்கண்டத்துக்கும் இதே. நம் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு அவிக்கும் நாளில் செய்து பாருங்கள். வெள்ளரிக்காய், கொய்யா, மாங்காய்க் கீற்று மூன்றுக்கும் மிளகாய்ப்பொடி உப்புக்குப் பதிலாக இதைத் தூவினால் பழத்தின் புளிப்போடு இந்த மணம் போய் ஒட்டிக்கொள்கிறது. வறுத்த மீனை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் ஒரு சிட்டிகை, அதோடு எலுமிச்சை பிழிந்து.

தக்காளி அச்சார்

பழுத்த தக்காளி நான்கு, காய்ந்த மிளகாய் நான்கு, பூண்டு ஐந்து பல், டிமுர் தோல் அரைத் தேக்கரண்டி, உப்பு, ஒரு பிடி கொத்தமல்லித்தழை. தக்காளியை நேராகத் தீயில் காட்டித் தோல் கருகும்வரை சுட்டு, ஆறியதும் தோலை உரியுங்கள். கருகல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். பூண்டையும் மிளகாயையும் அதே தீயில் லேசாக வாட்டலாம்.

அம்மியில் முதலில் டிமுரையும் உப்பையும் வைத்து நசுக்குங்கள். கல் உப்பு அரம் போல வேலை செய்யும். அப்புறம் மிளகாய், பூண்டு. நன்றாக மசிந்த பிறகு தக்காளியை வைத்து இரண்டு இழுப்பு, கூழாக்க வேண்டாம். வழித்தெடுத்துக் கொத்தமல்லி கலந்து, ஒரு மேசைக்கரண்டி கடுகெண்ணெயைப் புகைய விட்டு, தீயை அணைத்து, கால் தேக்கரண்டி வெந்தயத்தைப் போட்டுக் கருஞ்சிவப்பானதும் மேலே ஊற்றுங்கள். கடுகெண்ணெய் பழக்கமில்லாதவர்கள் நல்லெண்ணெய் ஊற்றலாம். சுவை வேறு பக்கம் போகும், கெட்டுப்போகாது.

மோமோவுக்குத் தொட்டுக்கொள்ள என்றால், இதோடு இரண்டு மேசைக்கரண்டி வறுத்த வெள்ளை எள்ளை அரைத்துச் சேர்த்துக் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள். தெருக்கடை மோமோவோடு வரும் சிவப்புச் சட்னியை மட்டுமே தின்றவர்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

உருளைக்கிழங்கு அச்சார்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இது. விருந்தாளி வரும் நாளில் முன்கூட்டிச் செய்து வைக்கலாம். அரைக் கிலோ உருளைக்கிழங்கைக் குழையாமல் அவித்து, தோலுரித்து, விரற்கடை அளவு துண்டுகளாக்குங்கள். நான்கு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்துப் பொடித்து, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி அரைத்த டிமுர், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். கெட்டியான மோர் பதத்தில் இருக்க வேண்டும். கிழங்கு, கீறிய பச்சைமிளகாய் நான்கு, நறுக்கிய வெள்ளரிக்காய் ஒரு கிண்ணம், எல்லாவற்றையும் அதில் புரட்டுங்கள். ஊறவைத்து அவித்த காய்ந்த பட்டாணியும் சேர்க்கலாம்.

அப்புறம் தாளிப்பு. மூன்று மேசைக்கரண்டி கடுகெண்ணெய், புகைந்ததும் அரைத் தேக்கரண்டி வெந்தயம். நம் தாளிப்பில் வெந்தயம் சிவந்தாலே இறக்கிவிடுவோம். இங்கே ஏறக்குறைய கருப்பாகும்வரை விடுவார்கள். அந்தக் கசப்பு எள்ளின் கொழுப்பை வெட்டும். தீயை அணைத்து, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி போட்ட கையோடு கிழங்கின் மேல் ஊற்றிக் கிளறி மூடிவிடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் கிழங்கின் உள்வரை புளிப்பு இறங்கும். பரிமாறுவதற்கு முன் இன்னொரு சிட்டிகை டிமுர் மேலே. முதலில் போட்டது கிழங்கில் ஊறி விறுவிறுப்பைத் தரும், மேலே தூவியது மூக்குக்கு.

இறைச்சிக்கு

ஆட்டுக்கறி வறுவலில் மிளகுத்தூளைப் பாதியாகக் குறைத்து, இறக்கியதும் கால் தேக்கரண்டி டிமுர் தூவலாம். கொழுப்புள்ள கறிக்கு இது மிகவும் பொருந்தும், எலுமிச்சை பிழிந்ததுபோல நாக்கைத் துடைத்துவிடும். மிளகு ரசத்தில் மிளகுக்குப் பதிலாக இதைப் போடாதீர்கள். செய்து பார்த்துவிட்டேன். காரம் இல்லாமல் கசப்பு மட்டும் நின்றது.

மேற்கத்திய சமையலறைகளில் சாக்லெட்டோடும் ஸ்ட்ராபெரியோடும் இதைச் சேர்க்கிறார்கள். கருப்புச் சாக்லெட்டை உருக்கி, அரைத்துச் சலித்த டிமுர் ஒரு சிட்டிகை கலந்து ஆறவைத்துப் பாருங்கள், ஆரஞ்சுச் சாக்லெட் பிடிக்கும் வீட்டில் நிற்காது.

ஒரு எச்சரிக்கை

நேபாள மலைக்காரர்கள் பல்வலிக்கு டிமுரை வாயில் அடக்கிக்கொள்வதும், சளிக்கும் வயிற்று உபாதைக்கும் சாப்பிடுவதும் பழைய வழக்கம். அதைப் பார்த்து யாரும் கரண்டிக் கணக்கில் விழுங்க வேண்டாம். இதே செடியின் பட்டையையும் காயையும் இடித்து ஓடையில் கலந்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. சமையல் அளவில் பயமில்லை. குழந்தைகளுக்கு முதல்முறை கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாய் மரத்துப்போவது தெரியாமல் அழுதுவிடுவார்கள். யாருக்காவது அதிகமாகிவிட்டால் கொஞ்சம் தயிர்ச்சோறு கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்தால் போதும்.

பாட்டிலில் இருப்பது வருடம் தாண்டிவிட்டது, மணம் மங்கிவிட்டது என்றால் தூக்கி எறிய வேண்டாம். 100 மில்லி கடலை எண்ணெயை இளஞ்சூடாக்கி, மூன்று மேசைக்கரண்டிப் பழைய தோலைப் போட்டு, குமிழ்கூட வராத தீயில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆறியதும் வடிகட்டுங்கள். மணம் பெரிதாக இருக்காது, ஆனால் விறுவிறுப்பு எண்ணெயில் இறங்கியிருக்கும். அவித்த வேர்க்கடலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டுப் பிசறலாம். ஐப்பசி கழிந்து புதுச் சரக்கு கடைக்கு வரும்வரை அது ஓடும்.